215 மணி நேரம் பறந்தாயிற்று, வேலை எங்கே?

கேள்வி: வணக்கம் கேப்டன் சார். எனக்கு வயது 23. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எல்லாம் முடித்து ஒன்பது மாதம் ஆகிறது. லாக்புக்கில் 215 மணி நேரம் இருக்கிறது. கடைசியாகப் பறந்தது லைசென்ஸ் தேர்வின்போதுதான். விண்ணப்பித்த ஏர்லைன்கள் எதிலிருந்தும் பதில் இல்லை. பயிற்சிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. ஒரு ஏஜென்ட் ஏ320 டைப் ரேட்டிங்கையும் 500 மணி நேர லைன் டிரெயினிங்கையும் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறேன், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டு என்கிறார். நான் படித்த பறக்கும் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராக வரச் சொல்கிறார்கள். நண்பர்களோ, அதில் போனால் அங்கேயே மாட்டிக்கொள்வாய் என்கிறார்கள். அப்பா, வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே முயற்சி செய் என்கிறார். எதைச் செய்வது?

பதில்:

தம்பி, கெடு இருப்பது ஏஜென்ட் விஷயத்துக்குத்தான், அதை முதலில் முடித்துவிடுவோம். முன்பணம் கட்டாதீர்கள். இந்த மாதமும் வேண்டாம், கெடுவை நீட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னால் அடுத்த மாதமும் வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ரேட்டிங் என்பது லைசென்ஸில் சேர்க்கும் கூடுதல் தகுதி; இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்றால் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி. லைசென்ஸ் இருந்தால் மட்டும் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களை ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாகப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, சிமுலேட்டர் என்ற மாதிரி காக்பிட்டில் 'செக்' என்ற ஓட்டிக்காட்டும் தேர்வையும் முடித்து லைசென்ஸில் பதிந்துகொள்ள வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். வழக்கமாக வேலைக்கு எடுத்த பிறகு ஏர்லைனே அனுப்பிவைக்கும். செலவு கம்பெனியுடையதா, நம்முடையதா, பாதிப் பாதியா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வேலை இல்லாத பையனுக்கு, 'டைப் ரேட்டிங் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், அது ஒன்று இருந்தால் கதவு திறந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. அடுத்த வரியையும் படியுங்கள். 'அந்த ரகத்தில் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்' என்று பெரும்பாலும் இருக்கும். அவர்கள் தேடுவது இன்னொரு ஏர்லைனில் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஆளை. சிமுலேட்டரில் பயிற்சி முடித்து, நிஜ விமானத்தில் சில சுற்றுகள் டேக்ஆஃபும் லேண்டிங்கும் செய்துவிட்டு வருகிறவர் அவர்கள் கணக்கில் இன்னும் புதியவர்தான். பல நாடுகளில் டைப் ரேட்டிங்குக்கு ஆயுள் ஒரு வருடம். வருடம் முடியும்போது மறுபடி சிமுலேட்டர், மறுபடி செக், மறுபடி பணம். வேலை கிடைக்காமல் ஒரு சுற்று போனால் ஏ320 பழக்கமும் மங்கியிருக்கும், சின்ன விமானத்தைத் தொட்டும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

'500 மணி நேர லைன் டிரெயினிங்' என்பது இதைவிடச் சிக்கலானது. ஒரு ஏர்லைனின் வலது சீட்டில், அதாவது துணை விமானியின் இடத்தில், உண்மையான பயணிகளோடு பறக்க நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். பின்னால் இருப்பவர்கள் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள், முன்னால் வலது பக்கம் இருப்பவரும் ஒரு வகையில் டிக்கெட் வாங்கி ஏறியவர்தான். 500 மணி நேரம் முடிந்ததும் உங்களை வைத்துக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு என்ன அவசியம்? சம்பளம் கேட்கும் உங்களை விட, அடுத்த 500 மணி நேரத்துக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கும் ஆள் அவர்களுக்கு லாபம். விமானிகள் சங்கங்கள் இதைப் பல வருடங்களாக எதிர்ப்பது சம்பளப் பிரச்சினைக்காக மட்டும் அல்ல. பணம் கட்டி உட்கார்ந்திருப்பவர் 'எனக்கு உடம்பு சரியில்லை, இன்று பறக்க மாட்டேன்' என்று சொல்லத் தயங்குவார். பாதுகாப்பு அங்கேதான் அடிபடுகிறது.

சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுப்பது எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு ஏர்லைன் உங்களைத் தேர்வு செய்து, 'இந்த ரகத்தில், இந்தப் பயிற்சி நிலையத்தில் முடித்து வந்தால் வேலை' என்று தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் அது வேறு கணக்கு. ஆகவே ஏஜென்டிடம் கேளுங்கள்: எந்த ஏர்லைன்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஏர்லைனா, நீங்களா? நான் செக்கில் தேறாவிட்டால், அல்லது நடுவில் அந்த ஏர்லைன் மூடப்பட்டால், பணம் யாரிடம் இருக்கும்? பிறகு அந்த ஏர்லைனின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, இப்படி ஒரு திட்டம் உங்களிடம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் தந்த எண்ணில் அல்ல, நீங்களே தேடிப் பிடித்த எண்ணில். பெரும்பாலான பேக்கேஜ்கள் இந்த ஒரு போன் காலைத் தாங்காது.

பாண்ட் என்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பெனி பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டு, இத்தனை வருடம் வேலை செய், முன்னாலேயே போனால் மீதியைக் கட்டு என்பது பாண்ட். நியாயமான பாண்டில் நீங்கள் பறக்கப் பறக்கத் தொகை மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். கம்பெனியே உங்களை நிறுத்தினால் நீங்கள் பணம் கட்ட வேண்டாம் என்றும் எழுதியிருக்கும். இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி ஏஜென்டைப் பற்றியது அல்ல. ஒன்பது மாதமாக நீங்கள் பறக்கவே இல்லை என்பதுதான்.

தேர்வுக் குழுவில் உட்காருகிற எங்களுக்கு 215 என்ற எண் பெரிதாகத் தெரியாது. உங்களோடு வரிசையில் நிற்கிற எல்லோரிடமும் ஏறக்குறைய அதே எண்தான் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தபட்சம் 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியில் 150 போதும். ஆகவே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் நிற்பார்கள். நான் லாக்புக்கை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். போன மாதம் பறந்திருக்கிறாரா? அதற்கு முந்தைய மாதம்? 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் செய்யாதவர் பயணிகளை ஏற்றக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. புதிய விமானிக்கு 90 நாள் என்பதே அதிகம். முதலில் போவது லேண்டிங் அல்ல. கருவிகளை வரிசையாகப் பார்க்கும் கண்ணோட்டம்தான் முதலில் போகும். அது போனது உங்களுக்கே தெரியாது, சிமுலேட்டரில் உட்காரும்போதுதான் தெரியும்.

அதனால் ஏஜென்டுக்குத் தர இருந்த தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, மாதம் ஓரிரு மணி நேரமாவது பறங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதி ஆகும் தேதி, முதல் வகுப்பு மெடிக்கல் சான்று முடியும் தேதி, ஆங்கிலத் தேர்ச்சி நிலை 4 வாங்கியிருந்தால் அதன் மூன்று வருடக் கெடு, எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை பயிற்சிக்கு வர முடியுமா என்று வெள்ளிக்கிழமை கூப்பிடுகிற கம்பெனிகள் உண்டு. மெடிக்கல் முடிந்துபோன ஆளுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இப்போது இன்ஸ்ட்ரக்டர் வேலை. உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த வேலையில் சேருங்கள்.

நாட்டைப் பொறுத்து இதன் மதிப்பு மாறும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் 2013 முதல் ஏர்லைனின் வலது சீட்டில் உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000, ராணுவ விமானிகளுக்கு 750 என்று சலுகை உண்டு. அங்கே புதியவர்களில் பெரும்பாலோர் இன்ஸ்ட்ரக்டராகத்தான் அந்த மணி நேரத்தைச் சேர்க்கிறார்கள், யாரும் அதைத் தேக்கமாகப் பார்ப்பதில்லை. 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. அந்த விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பதால், இந்த எண்ணில் என்ன இருக்கிறது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், எத்தனை மணி நேரம் என்பதை விட எப்படிப்பட்ட மணி நேரம் என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவிலும் வேறு பல இடங்களிலும் 200 சொச்சத்தோடு நேராக ஜெட்டுக்குப் போக முடியும். அதனால்தான் அங்கெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் வேலையைச் சுற்றுவழி என்று நினைக்கிறார்கள்.

சுற்றுவழிதான். ஆனால் அந்த வழியில் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. மாணவர் ஒருவர் லேண்டிங்குக்கு வருகிறார். ரன்வேக்கு மேலே மூக்கைத் தூக்க வேண்டிய உயரத்துக்கு முன்னாலேயே தூக்கிவிடுகிறார். விமானம் மிதக்கிறது, வேகம் கரைகிறது. உங்கள் கை கன்ட்ரோலுக்கு ஓர் அங்குலம் பின்னால் காத்திருக்கிறது. இப்போதே பிடுங்கினால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார். ஒரு நொடி தாமதித்தால் சக்கரங்கள் இருக்கும் அண்டர்கேரேஜ் அடிவாங்கும். அந்த ஒரு நொடிக்குள், இவர் சரிசெய்துகொள்வாரா மாட்டாரா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு குரலை உயர்த்தாமல் 'மூக்கை அப்படியே வையுங்கள், கொஞ்சம் பவர்' என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் பறப்பதைக் கவனிப்பது, எப்போது வாய் திறப்பது, எப்போது கையில் எடுப்பது: இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் நாங்கள் தினமும் செய்யும் வேலை இதேதான். 200 மணி நேரத்தோடு நேராக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு லாபம், பாடம் நடத்தும்போது தியரி தானாக மண்டையில் ஏறும். ஸ்டாலை, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழப்பதை, மாணவருக்கு நாலு விதமாக விளக்கியவரிடம் இன்டர்வியூவில் ஸ்டாலைப் பற்றிக் கேட்டால் திணற மாட்டார்.

மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. சேரும் முன்பே கேளுங்கள்: மாதம் சராசரியாக எத்தனை மணி நேரம் கிடைக்கும்? மல்டி இன்ஜினில் பறக்க விடுவார்களா, இன்ஸ்ட்ருமென்ட் பாடம் எடுக்க வாய்ப்பு உண்டா? இதற்கு முன் இருந்த இன்ஸ்ட்ரக்டர்கள் எங்கே போனார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். எல்லோரும் ஏதாவது ஓர் இடத்துக்கு நகர்ந்திருந்தால் நீங்களும் நகர்வீர்கள். ஒரே ஆட்கள் வருடக்கணக்கில், மாதம் பத்து மணி நேரத்தோடு உட்கார்ந்திருந்தால் வேறு பள்ளி பாருங்கள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கற்பிப்பதில் துளி விருப்பமும் இல்லாமல், மாணவரை மணி நேரம் சேர்க்கும் கருவியாகப் பார்ப்பவர் இந்த வேலைக்குப் போகக் கூடாது. அந்த மாணவரும் உங்களைப் போலவே கடன் வாங்கித்தான் வந்திருப்பார்.

இன்ஸ்ட்ரக்டர் வேலை மட்டும்தான் வழி என்றில்லை. பாராசூட் குதிப்பவர்களை மேலே கொண்டுபோவது, கிளைடரை இழுத்துச் செல்வது, விளம்பரப் பேனர் இழுப்பது, வான்வழி நில அளவை, குழாய்ப் பாதைகளைக் கண்காணிப்பது, செஸ்னா கேரவனில் சின்னச் சின்ன ஊர்களுக்குச் சரக்கு கொண்டுபோவது என்று பல இடங்களில் பலவிதமாக ஆள் தேவைப்படுகிறது. பாராசூட் வேலையில் ஒரே நாளில் பல முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும், லேண்டிங் நன்றாகப் பழகும். நில அளவையில் மணிக்கணக்காக ஒரே உயரத்தில் நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் போக வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் துல்லியத்தைக் கற்றுத்தரும். பேனர் இழுப்பது குறைந்த வேகத்தில், கம்மி உயரத்தில் நடப்பது, நல்ல பயிற்சி தரும் இடமாக இருந்தால் மட்டும் போங்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். மின்கம்பிகளுக்குக் கீழேயும் மேலேயும் பறக்கும் அந்த வேலைக்குத் தனிப் பயிற்சியும் அனுபவமும் வேண்டும்.

இந்தச் சின்ன வேலைகளில் பலருக்குத் தெரியாத ஒரு தடை இருக்கிறது: இன்சூரன்ஸ். முதலாளிக்கு உங்களைப் பிடித்துவிடும், ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி இந்த விமானத்துக்கு 300 வேண்டும், 500 வேண்டும் என்று சொல்லியிருக்கும். அதனால் 'முடியாது' என்று வரும்போது முகம் சுருங்காமல், 'எத்தனை மணி நேரம் இருந்தால் உங்கள் இன்சூரன்ஸ் ஏற்கும்?' என்று கேளுங்கள். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதைத் தொட்டதும் மறுபடி போய் நிற்கலாம், அப்போது அவர்களுக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்ட இடங்கள் இணையத்தில் விளம்பரம் செய்வது அபூர்வம். இருக்கிற பைலட் ஏர்லைனுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று யார் கண்ணில் படுகிறாரோ, பெரும்பாலும் அவருக்குத்தான் வேலை. தலைமை பைலட்டை நேரில் போய்ப் பாருங்கள், பரபரப்பான காலை நேரத்தில் போகாதீர்கள்.

சின்னக் கம்பெனியில் சேரும் முன் அது எப்படிப்பட்ட இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். விமானத்தின் டெக்னிக்கல் லாக்கைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதில் பைலட்டுகள் கோளாறுகளை எழுதியிருந்தால், பக்கத்திலேயே சரிசெய்த குறிப்பும் இருந்தால், நல்லது. மாதக்கணக்கில் ஒரு கோளாறு கூட எழுதப்படாத விமானத்தைக் கண்டால் ஜாக்கிரதை. பழைய விமானத்தில் எதுவும் கெடாமல் இருக்காது, எழுத விடாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எடையைக் கண்டுகொள்ளாதே, மேகத்தைக் கண்டுகொள்ளாதே என்று வற்புறுத்தும் இடத்தில் சேரும் மணி நேரம் உங்களுக்கு வேண்டாம்.

லாக்புக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனாவாலேயே பறந்து மணி நேரத்தை ஏற்றுகிறவர்கள் உண்டு. பள்ளியின் பதிவேடு, விமானத்தின் பதிவேடு என்று ஒரே பறப்பு பல இடங்களில் பதிவாகியிருக்கும். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால் வெளிவந்துவிடும், பிறகு லைசென்ஸே போகும். உண்மையாக எழுதியவர்களும் கூட்டலில் கோட்டை விடுகிறார்கள். சிமுலேட்டர் நேரத்தை மொத்தத்தில் சேர்த்துவிடுவது, வேறு ஊருக்குப் பறந்த நேரத்தையும் பொறுப்பு விமானியாகக் கமாண்டில் பறந்த நேரத்தையும் குழப்பிக்கொள்வது, இப்படி. ரெஸ்யூமேயில் ஓர் எண், லாக்புக்கில் ஓர் எண் என்றிருந்தால் உங்கள் கணக்கில் சந்தேகம் வருவதோடு, எங்களுக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். ரெஸ்யூமே ஒரே பக்கம் போதும்: லைசென்ஸ், ரேட்டிங்குகள், மெடிக்கல், மணி நேரம், கடைசியாகப் பறந்த தேதி. ஏதாவது தேர்வில் தவறியிருந்தால் மறைக்காதீர்கள். எதில், ஏன், அடுத்த முறை என்ன மாற்றினேன் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னால் முடிந்தது.

தேர்வுக்குக் கூப்பிட்டால் எதைப் படிப்பது? வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏ320-யின் ஹைட்ராலிக்ஸை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். நான் கேட்பது நீங்கள் பறந்த விமானத்தைப் பற்றி. கார்புரேட்டர் உள்ள பழைய செஸ்னா 172-ல் பறந்தேன் என்றால், வெளியே 20 டிகிரி வெப்பம் இருக்கும்போது கார்புரேட்டருக்குள் பனி எப்படிப் பிடிக்கும் என்று கேட்பேன். எரிபொருள் ஆவியாவதாலும் உள்ளே அழுத்தம் குறைவதாலும் காற்று சட்டென்று குளிர்ந்து, ஈரப்பதம் பனியாகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். மல்டி இன்ஜினுக்கு பைப்பர் செனிகாவில் பறந்தேன் என்றால், அதில் கிரிட்டிக்கல் இன்ஜின், அதாவது நின்றால் விமானத்தைக் கட்டுப்படுத்த அதிகம் சிரமம் தரும் இன்ஜின், எது என்று கேட்பேன். அதன் இரண்டு புரொபெல்லர்களும் எதிரெதிர் திசையில் சுற்றுகின்றன, அதனால் கிரிட்டிக்கல் இன்ஜின் என்று ஒன்று கிடையாது. 'இடது' என்று சட்டென்று சொல்பவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார், தான் ஓட்டிய விமானத்தைக் கவனிக்கவில்லை.

சிமுலேட்டர் செக்கில் என்ன பார்க்கிறோம் என்பது பற்றி வெளியே தப்பான எண்ணம் இருக்கிறது. முதல் முறை அந்தப் பெரிய காக்பிட்டில் உட்காருகிறவர் ஊசியை நடுவிலேயே வைத்திருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ரேடியோ அலைகளைப் பின்பற்றி ரன்வேக்கு இறங்கும் ஐ.எல்.எஸ். அப்ரோச்சில், ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஊசி பாதி விலகிவிட்டது என்று வையுங்கள். ஒருவர் பதறி 20 டிகிரி திருப்புகிறார், ஊசி மறுபக்கம் பாய்கிறது, மறுபடி திருப்புகிறார். இன்னொருவர் 'வலதுபக்கம் விலகியிருக்கிறேன், திருத்துகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி, 5 டிகிரி திருப்பிவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டாமவரின் ஊசி கடைசிவரை நடுவுக்கு வராமலே போகலாம். பரவாயில்லை, அவரைப் பயிற்றுவிக்க முடியும். அதே நேரம் பார்த்து நாங்கள் வேண்டுமென்றே கேபின் குழுவிலிருந்து ஒரு அழைப்பைக் கொடுப்போம். அதற்கு 'கொஞ்சம் பொறுங்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு விமானத்தைப் பார்ப்பவருக்கு மதிப்பெண் உண்டு.

இன்னொரு விஷயம். பல இடங்களில் இரண்டு விண்ணப்பதாரர்களை ஜோடியாக உட்கார வைப்பார்கள். உங்கள் முறை வரும்வரை பக்கத்து சீட்டில் சும்மா இருந்துவிட்டு, அவர் தடுமாறட்டும் என்று விட்டால் உங்கள் பெயர்தான் முதலில் அடிபடும். அவருக்கு உயரம் சொல்லுங்கள், வேகம் குறைவதைச் சொல்லுங்கள், செக்லிஸ்ட்டை நிதானமாகப் படியுங்கள். செலவழிக்கப் பணம் கையில் இருந்தால், டைப் ரேட்டிங்குக்குப் பதிலாக இருவர் இயக்கும் காக்பிட்டுக்கான மல்டி க்ரூ பயிற்சியில் செலவிடுங்கள். ஐரோப்பிய விதிகளில் அது இல்லாமல் இருவர் ஓட்டும் விமானத்தின் டைப் ரேட்டிங்குக்கே போக முடியாது. மற்ற இடங்களிலும் தேர்வுக்கு முன் அதை முடித்தவர் சிமுலேட்டரில் வித்தியாசமாகத் தெரிகிறார்.

விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை என்று மனம் விடாதீர்கள். இந்தத் தொழிலில் ஆள் எடுப்பது அலை அலையாக நடக்கும். 2001, 2008, 2020 என்று ஒவ்வொரு முறையும் கதவு மொத்தமாகச் சாத்தப்பட்டது, பிறகு திறந்தது. கதவு மூடியிருந்தபோது ரேட்டிங்குகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் திறந்ததும் உள்ளே போனார்கள், வைத்திருக்காதவர்கள் புதுப்பிக்கவே மாதக்கணக்கில் அலைந்தார்கள். விண்ணப்பத்தை ஒரு முறை அனுப்பிவிட்டு விடாமல், மணி நேரம் கூடியதும் புதிய எண்களோடு மறுபடி அனுப்புங்கள். நீங்கள் பெரிய ஏர்லைன்களுக்கு மட்டும்தான் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏடிஆர் 72, ட்வின் ஆட்டர் போன்ற டர்போபிராப் விமானங்களை ஓட்டும் சிறு ஏர்லைன்களுக்கும் எழுதுங்கள். ஒரே நாளில் ஆறு குறுகிய பயணம், சின்ன ரன்வே, மோசமான வானிலை என்று அங்கே கற்பது அதிகம். வெளிநாட்டுக்கு எழுதுவதானால் அங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா, உங்கள் லைசென்ஸை மாற்றிக்கொள்ள எத்தனை தேர்வு எழுத வேண்டும் என்பதை முதலில் பாருங்கள்.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வட்டி ஓடும்போது சம்பளம் வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுக்கவும் சில மாதம் ஆகும். அதுவரை வேறு வேலை பார்ப்பதில் தப்பு இல்லை. முடிந்தால் விமான நிலையத்தை ஒட்டிய வேலையாகப் பாருங்கள்: ஒரு ஆபரேட்டரின் ஃப்ளைட் ஆப்பரேஷன்ஸ் அறை, பறப்புத் திட்டம் தயாரிக்கும் டிஸ்பாட்ச், கிரவுண்ட் ஹேண்ட்லிங், பள்ளியிலேயே தியரி வகுப்பு. டிஸ்பாட்சில் இருந்தால் வானிலை அறிக்கையும் எரிபொருள் கணக்கும் தினமும் கையில் ஓடும், ஆள் தேவை என்று விளம்பரம் வரும் முன்பே உங்கள் காதுக்கு வரும். விமான நிலையத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைதான் கிடைக்கிறது என்றாலும் போங்கள், இன்டர்வியூவில் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஒரே நிபந்தனை: முதல் சம்பளம் வந்ததும் பள்ளிக்குப் போன் செய்து, ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு தனியாகப் போக வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டால், இன்ஜின் நின்றால் இறங்குவது, கொஞ்சம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, மூன்று லேண்டிங் என்று கேட்டு வாங்குங்கள்.